கணினியில் ஒலி வராமை

கணினியில் ஒலி வராமை என்பது, கணினி மற்ற வகைகளில் சரியாக இயங்கும்போதும் அதன் ஒலிபெருக்கியிலோ ஹெட்போனிலோ ஒலி கேட்காத நிலை ஆகும். வீட்டுக் கணினிகளில் பரவலாகக் காணப்படும் பழுதுகளுள் இதுவும் ஒன்று. கழன்ற கம்பி, அடக்கி வைக்கப்பட்ட ஒலியளவு, தவறாகத் தெரிவு செய்யப்பட்ட வெளியீட்டுக் கருவி, பொருந்தாத இயக்கி மென்பொருள், பழுதான வன்பொருள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இதற்குக் காரணமாகலாம். இவற்றுள் பலவற்றைச் சிறப்புக் கருவிகள் எதுவும் இல்லாமல் பயனரே கண்டறிந்து சரிசெய்ய இயலும்.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ ஊர்கள் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று, ஈரப்பதம் ஆகியன இப்பழுதுக்குக் கூடுதல் காரணங்களாக அமைகின்றன. பழுதுபார்க்கும் கடை தொலைவில் உள்ள ஊர்களில், கணினியை எடுத்துச் செல்லும் முன்னர் பழுது எப்பகுதியில் உள்ளது என அறிவது வீண் அலைச்சலையும் செலவையும் தவிர்க்க உதவும்.

ஒலி செல்லும் வழி

கணினியில் ஒலி, ஒரு சங்கிலியைப் போன்ற தொடர்ச்சியான பல கட்டங்களைக் கடந்து வெளிவருகிறது. அவை வருமாறு:

1. பாடல் அல்லது நிகழ்படத்தை இயக்கும் பயன்பாட்டு மென்பொருள்
2. பல மென்பொருள்களின் ஒலிகளைக் கலந்து, ஒலியளவைக் கட்டுப்படுத்தும் இயங்குதளப் பகுதி
3. இயங்குதளத்தையும் ஒலி வன்பொருளையும் இணைக்கும் இயக்கி மென்பொருள் (டிரைவர்)
4. எண்ணிமத் தரவை மின்குறிகையாக மாற்றும் ஒலி அட்டை அல்லது தாய்ப்பலகையில் உள்ள ஒலிச் சில்லு
5. செருகுவாய், செருகி, கம்பி
6. மின்குறிகையை வலுப்படுத்தும் பெருக்கியும் அதை ஒலியாக மாற்றும் ஒலிபெருக்கியும்

இச்சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றே: ஒலி கேட்காது. ஆகவே ஒலி வரவில்லை என்பதை மட்டும் கொண்டு காரணத்தைக் கூற இயலாது. எந்தக் கட்டம் வரை ஒலி வந்து சேர்கிறது என்பதை அறிவதே பழுது கண்டறிதலின் அடிப்படை ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

1981 இல் வெளியான ஐ.பி.எம். தனியாள் கணினியில் எளிய ஓசைகளை மட்டுமே எழுப்பக்கூடிய சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, வீட்டுக் கணினிகளில் இசையையும் பேச்சையும் பரவலாக்கியது. அக்காலத்தில் ஒலி அட்டை தனியாக வாங்கிப் பொருத்தப்பட்டது. இரு வன்பொருள்கள் ஒரே குறுக்கீட்டு எண்ணைக் கோருவதால் எழும் முரண்பாடு, ஒலி வராமைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது.

1997 இல் இன்டெல் நிறுவனம் ஏசி'97 தரத்தையும், 2004 இல் ஹை டெபினிஷன் ஆடியோ தரத்தையும் வெளியிட்டது. இவற்றின் பின்னர் ஒலிச் சில்லு தாய்ப்பலகையிலேயே அமையத் தொடங்கியது. குறுக்கீட்டு முரண்பாடுகள் மறைந்தன. எனினும் எச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி., புளூடூத் எனப் பல வெளியீட்டு வழிகள் ஒரே கணினியில் சேர்ந்தமையால், ஒலி வேறொரு வழியில் சென்றுவிடுவது புதிய வகைச் சிக்கலாகியது.

கண்டறியும் முறை

சங்கிலியை நடுவில் பகுத்து, பழுது எந்தப் பாதியில் உள்ளது என்று அறிவது விரைவான வழி ஆகும். கம்பி இணைக்கும் செருகுவாய் இதற்கு ஏற்ற இடமாகும். இரு சோதனைகள் போதுமானவை.

- ஒலிபெருக்கியின் செருகியைக் கணினியிலிருந்து கழற்றி, 3.5 மி.மீ. செருகுவாய் உள்ள கைப்பேசியிலோ வானொலிப் பெட்டியிலோ பொருத்திப் பார்த்தல். அங்கு ஒலி வந்தால் ஒலிபெருக்கியும் கம்பியும் நல்ல நிலையில் உள்ளன. பழுது கணினியில் உள்ளது.
- நல்ல நிலையில் உள்ளதாக அறியப்பட்ட ஹெட்போனைக் கணினியில் பொருத்திப் பார்த்தல். ஒலி வந்தால் கணினி நல்ல நிலையில் உள்ளது; பழுது ஒலிபெருக்கியில் அல்லது அதன் கம்பியில் உள்ளது.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். கம்பியை மாற்றி, இயக்கியையும் மீள நிறுவிய பின்னர் ஒலி வந்தால், எதனால் வந்தது என்பது தெரியாமற் போகும். பழுது மீண்டும் ஏற்படும்போது தேடலை முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

கம்பியும் செருகுவாயும்

மேசைக் கணினிகளின் செருகுவாய்களுக்குப் பொதுவான வண்ணக் குறியீடு உள்ளது. வெளிர்பச்சை ஒலிபெருக்கிக்கும், இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கும், வெளிர்நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கும் உரியவை. ஒலிபெருக்கியை இளஞ்சிவப்புத் துளையில் செருகுவது அடிக்கடி நேரும் பிழையாகும்.

ஒலிபெருக்கியின் மின்விளக்கு எரிகிறதா, அதன் ஒலியளவுக் குமிழ் திருப்பப்பட்டுள்ளதா, செருகி இறுதி வரை உள்ளே சென்றுள்ளதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். கணினிப் பெட்டியின் பின்புறச் செருகுவாயில் ஒலி வந்து, முன்புறத்தில் மட்டும் வராவிடில், முன்பலகத்திலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் கம்பி இணைக்கப்படாமல் இருக்கலாம். சில தாய்ப்பலகைகளில் முன்பலகம் ஏசி'97 வகையா ஹை டெபினிஷன் வகையா என்பதைப் பயாசில் குறிப்பிட வேண்டும். இது பொருந்தாவிடில் முன்புறச் செருகுவாயில் செருகி இருப்பதைக் கணினி உணராது.

இயங்குதள அமைப்புகள்

விண்டோஸ் இயங்குதளத்தில் பணிப்பட்டையின் வலக்கோடியில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை முதலில் பார்க்க வேண்டும். அதில் பெருக்கல் குறியோ குறுக்குக் கோடோ இருந்தால் ஒலி அடக்கப்பட்டிருக்கலாம் அல்லது வெளியீட்டுக் கருவி இல்லாதிருக்கலாம். பல விசைப்பலகைகளில் ஒலியை அடக்கும் தனி விசை உள்ளது. கை தவறி அதை அழுத்துவது உண்டு.

அடுத்ததாக வெளியீட்டுக் கருவியைப் பார்க்க வேண்டும். கணினித் திரை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக இணைக்கப்பட்டிருப்பின், அத்திரையில் ஒலிபெருக்கி இல்லாத போதும் இயங்குதளம் ஒலியை அதற்கு அனுப்பக்கூடும். முன்பு இணைத்த புளூடூத் கருவி அடுத்த அறையில் இயங்கிக்கொண்டிருந்தால் ஒலி அங்குச் சென்றுவிடும். ஒலியமைப்புப் பட்டியலில் சரியான கருவியைத் தெரிவு செய்தால் இச்சிக்கல் தீரும்.

2007 இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, ஒவ்வொரு மென்பொருளின் ஒலியளவையும் தனித்தனியாக மாற்றும் வசதி உள்ளது. எனவே பாடல் ஒலித்து, உலாவியில் மட்டும் ஒலி வராவிடில் ஒலிக்கலவைப் பலகத்தில் உலாவியின் அளவைப் பார்க்க வேண்டும். உலாவியின் தனித்தனிக் கீற்றுகளையும் அடக்கி வைக்க இயலும்.

இயக்கி மென்பொருள்

அமைப்புகள் சரியாக இருந்தும் ஒலி வராவிடில், டிவைஸ் மேனேஜர் எனும் பலகத்தில் ஒலிக் கருவியின் நிலையைக் காண வேண்டும். மஞ்சள் நிற வியப்புக்குறி இருந்தால் இயக்கியில் சிக்கல் உள்ளது எனப் பொருள். கருவியின் பெயரே பட்டியலில் இல்லையெனில், அது பயாசில் முடக்கப்பட்டிருக்கலாம் அல்லது சில்லு பழுதாகியிருக்கலாம்.

இயக்கியைக் கணினி அல்லது தாய்ப்பலகை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து பெறுவதே பாதுகாப்பானது. இயங்குதள இற்றைப்படுத்தலுக்குப் பின்னர் ஒலி நின்றிருந்தால், முந்தைய இயக்கிக்குத் திரும்பும் வசதியைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் ஆடியோ என்னும் பின்னணிச் சேவை நின்றுபோனாலும் ஒலி வராது. அதை மீளத் தொடங்க வேண்டும்.

லினக்சில்

லினக்ஸ் கருவகத்தின் 2.6 பதிப்பிலிருந்து (2003) ஆல்சா எனும் ஒலிக் கட்டமைப்பு பயன்பாட்டில் உள்ளது. இதில் புதிதாக அறியப்பட்ட ஒலி அட்டையின் தடங்கள் அடக்கப்பட்ட நிலையிலேயே தொடங்குவது வழக்கம். ஆல்சாமிக்சர் கட்டளையை முனையத்தில் இயக்கி, எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தெரிவு செய்து, அடக்கப்பட்டிருக்கும் தடத்தை எம் விசையால் திறக்கலாம். ஆல்சாவுக்கு மேலே பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் எனும் ஒலிச் சேவையகம் இயங்குகிறது. ஆல்சாவில் அனைத்தும் திறந்திருந்தும் ஒலி வராவிடில், இச்சேவையகத்தில் தெரிவு செய்யப்பட்ட வெளியீட்டைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. இவ்வாறு இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் பழுது கண்டறிதல் எளிது. ஒன்றில் ஒலி வந்து மற்றொன்றில் வராவிடில் வன்பொருள் நல்ல நிலையில் உள்ளது என்பது உறுதி. இரண்டிலும் வராவிடில் வன்பொருளின் மீது ஐயம் வலுக்கும். ஒரே இயங்குதளம் உள்ள கணினியிலும், யு.எஸ்.பி. நினைவகத்திலிருந்து நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் பதிப்பைக் கொண்டு இச்சோதனையைச் செய்யலாம்.

மடிக்கணினியில்

மடிக்கணினியின் செருகுவாய்க்குள், ஹெட்போன் செருகப்பட்டதை உணரும் சிறிய நிலைமாற்றி உள்ளது. தூசியோ அரிப்போ காரணமாக இது சிக்கிக்கொண்டால், ஹெட்போன் எதுவும் இல்லாத போதும் அது இருப்பதாகக் கருதி, கணினி தன் உள் ஒலிபெருக்கியை நிறுத்திவிடும். ஹெட்போனில் ஒலி கேட்டு, உள் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காமை இதன் அறிகுறியாகும். செருகியைப் பலமுறை செருகி எடுப்பதால் இந்நிலைமாற்றி விடுபடுவது உண்டு.

கடலோர ஊர்களில் ஏற்படும் பழுதுகள்

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்துள்ள உவர்நீர்க் காயல் ஆகும். இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. தமிழகப் பகுதியில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் உள்ளிட்ட மீனவ ஊர்கள் ஏரியையும் வங்காள விரிகுடாவையும் ஒட்டி அமைந்துள்ளன. ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீரும் இருப்பதால், இத்தகைய இடங்களில் உப்புத்துகள் கலந்த ஈரக்காற்றிலிருந்து மின்கருவிகள் தப்புவது அரிது.

அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்துகள்களாகின்றன. இத்துகள்களின் அளவு கரையருகே மிகுந்தும் உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும். சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிறது. இக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். பகலில் உலர்ந்து கிடக்கும் உப்புப்படலம் இரவின் ஈரத்தில் மீண்டும் கரைவதால், மாலையில் ஒலித்த கணினி மறுநாள் காலையில் ஒலிக்காமல் இருப்பதும், சற்று நேரம் இயங்கிச் சூடேறிய பின்னர் ஒலி திரும்புவதும் நேரலாம்.

செருகுவாய்களிலும் செருகிகளிலும் உள்ள செம்பு, பித்தளைப் பகுதிகளின் மேற்பூச்சு தேய்ந்த இடங்களில் பச்சை நிறப் படிவு தோன்றும். இது தொடர்பை முழுமையாக அறுக்காமல் பகுதியளவில் மட்டும் அறுப்பதும் உண்டு. இரு தடங்களுக்கும் பொதுவான புவித்தொடர்பு மட்டும் விட்டுப்போனால், இடத்தடத்துக்கும் வலத்தடத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஹெட்போனில் கேட்கும். பாடல்களில் பாடகரின் குரல் வழக்கமாக இரு தடங்களிலும் சம அளவில் பதிவாகியிருப்பதால் அது நீங்கி, பின்னணி இசை மட்டும் மெலிதாக ஒலிக்கும். இதை மென்பொருள் பழுது எனக் கருதி இயங்குதளத்தையே மீள நிறுவுவது வீண் வேலை ஆகும். செருகியைத் தூய்மை செய்தாலோ மாற்றினாலோ போதும்.

தூய்மை செய்தல்

கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே தூய்மை செய்ய வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்ககால் சிறிதளவு நனைத்த பஞ்சினால் செருகியைத் துடைத்து, ஈரமாக இருக்கும்போதே செருகுவாயில் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தால் உட்புறப் படிவும் உராய்ந்து நீங்கும். முழுமையாக உலர்ந்த பின்னரே மின்னிணைப்புத் தர வேண்டும். உணவு எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. எண்ணெய்ப் படலம் உப்பையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செருகுவாயோ ஒலிச் சில்லோ முற்றிலும் பழுதாகியிருப்பின் தாய்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி. துளையில் பொருத்தும் சிறிய ஒலிக் கருவி மூலம் அப்பகுதியையே விலக்கி ஒலியைப் பெறலாம்.

தடுப்பு முறைகள்

- கணினியைக் கடல் நோக்கிய சாளரத்திலிருந்து விலக்கி வைத்தல்.
- இயங்கி முடித்த கணினி ஆறிய பின்னர் துணியால் மூடுதல். இறுக்கமான நெகிழி உறை ஈரத்தை உள்ளேயே தேக்கும்.
- நெடுநாள் அணைத்தே வைக்காமல் இடையிடையே இயக்குதல். உள்ளே தோன்றும் சூடு ஈரத்தைக் குறைக்கும்.
- பயன்படாத செருகுவாய்களை மூடியிட்டு அடைத்தல்.
- வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி மின்னலுக்கு முன்னரே மின்கம்பியையும் இணையக் கம்பியையும் கழற்றி வைத்தல்.

நீர் புகுந்த கணினியை, உலர்ந்ததுபோல் தோன்றினாலும் இயக்கிப் பார்க்கக் கூடாது. மின்வழங்கிப் பெட்டியின் கொண்மிகள் இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கும் என்பதால், அப்பெட்டியைப் பயிற்சி இல்லாதோர் திறக்கக் கூடாது.

ஒலி இன்றியமையாததாகும் சூழல்கள்

பொழுதுபோக்குக்காகக் கணினியைப் பயன்படுத்துவோருக்கு ஒலியின்மை சிறு தொல்லையே. சிலருக்கு அது பயன்பாடு முழுவதையும் நிறுத்திவிடும்.

பார்வையற்றோர்

பார்வையற்ற பயனர்கள் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையுடன் கணினியை இயக்குகின்றனர். 2006 இல் ஆத்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. எனும் கட்டற்ற திரைவாசிப்பான், ஈஸ்பீக் பேச்சுப்பொறியின் மூலம் தமிழையும் வாசிக்கிறது. இவர்களுக்கு ஒலி நிற்பது, பார்வையுள்ளோருக்குத் திரை இருண்டுபோவதற்கு ஒப்பாகும். பழுதைச் சரிசெய்வதற்கான அமைப்புகளைக் காண்பதற்கும் ஒலியே தேவைப்படுவதால், யு.எஸ்.பி. ஒலிக் கருவி ஒன்றை மாற்றாக வைத்திருப்பது நன்று. பெரும்பாலான நேரங்களில் அதைச் செருகியவுடன் இயங்குதளம் தானாகவே உணர்ந்துகொள்ளும். என்.வி.டி.ஏ. மட்டும் நின்றிருந்தால், கண்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி மீளத் தொடங்கலாம்.

மீனவ ஊர்களில் எச்சரிக்கை அறிவிப்புகள்

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் புதுச்சேரிப் பகுதியில் ஊரக அறிவு மையங்களைத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெறப்பட்ட அலை உயர முன்னறிவிப்புகள் தமிழில் ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டன. கடற்கரையில் வலையைச் சீர்செய்து கொண்டிருப்போரைக் கணினித் திரையில் உள்ள எழுத்து எட்டாது. ஒலி எட்டும் என்பதே இதன் அடிப்படை.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, புதுச்சேரியின் நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசி வழியாகச் செய்தி தந்தார். கடல் நிலவரம் அறிவிப்பதற்காக அங்கு நிறுவப்பட்டிருந்த ஒலிபெருக்கி வழியாக மக்கள் எச்சரிக்கப்பட்டனர். வீடுகளும் படகுகளும் சேதமடைந்த போதிலும், ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட அவ்வூர் மக்கள் உயிர் தப்பினர். நாள்தோறும் பயன்பாட்டில் இருந்த அறிவிப்புக் கருவியே அன்று எச்சரிக்கைக் கருவியாகவும் பயன்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையத்தில் 2007 இல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது.

இத்தகைய அறிவிப்புகளுக்குக் கணினியைப் பயன்படுத்தும் இடங்களில், ஒலிச் சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்தையும் அமைதியான நாட்களிலேயே சோதிப்பது இன்றியமையாதது. புயல் வரும் இரவில் மின்சாரமும் இணையமும் முதலில் நிற்கக்கூடும். ஆகவே மின்கலத்தில் இயங்கும் வானொலி, கைப்பேசி போன்ற மாற்று வழிகளும் இருத்தல் வேண்டும்.

அறிகுறிகளும் பார்க்க வேண்டிய இடங்களும்

- எந்த மென்பொருளிலும் ஒலி இல்லை. கருவியின் பெயர் பட்டியலில் உள்ளது: அடக்கு நிலை, வெளியீட்டுத் தெரிவு, கம்பி.
- கருவியின் பெயரே இல்லை: இயக்கி, பயாஸ் அமைப்பு, சில்லு.
- ஒரு மென்பொருளில் மட்டும் ஒலி இல்லை: அம்மென்பொருளின் ஒலியளவு, ஒலிக்கலவைப் பலகம்.
- ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி: செருகி முழுமையாகச் செல்லாமை, கம்பி முறிவு, இட வலச் சமநிலை அமைப்பு.
- குரல் இன்றிப் பின்னணி இசை மட்டும்: செருகியின் புவித்தொடர்பு.
- குமிழைத் திருப்பும்போது கரகரப்பு: ஒலியளவுக் குமிழின் உட்புறத் தூசி.
- தொடர்ந்த இரைச்சல்: வீட்டு மின்னிணைப்பில் புவித்தொடர்பு இன்மை, மின்கம்பிகளுக்கு அருகே செல்லும் ஒலிக்கம்பி.

இவற்றையும் பார்க்க

- ஒலி அட்டை
- ஒலிபெருக்கி
- திரைவாசிப்பான்
- பழவேற்காடு ஏரி
- 2004 இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை